வீட்டுக்கு எந்த பிராட்பேண்ட்? கடைக்கு எந்த பிராட்பேண்ட்?



கல்வி உதவி விண்ணப்பத்தோடு நமது அறக்கட்டளைக்கு வந்த ஒரு தாய் சொன்னார்: "மாதாமாதம் நெட்டுக்குப் பணம் கட்டுகிறோம். பிள்ளை பாட வீடியோ பார்த்தால் நன்றாக ஓடுகிறது. ஆனால் சவூதியில் இருக்கும் அத்தாவிடம் பேசினால், எங்கள் முகம் அவருக்கு உறைந்து நின்றுவிடுகிறது." இதே குறையைப் பலரும் சொல்கிறார்கள். லேண்ட்லைன் வழி பிராட்பேண்ட் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் இதற்கான காரணம் புரியும். தேவையில்லாத திட்டத்துக்குப் பணம் கட்டுவதையும் தவிர்க்கலாம். வீண் விரயம் நமக்குத் தடுக்கப்பட்டது அல்லவா?

ஒரே கம்பி, இரண்டு வேலை

நாம் பேசும் குரலுக்குத் தொலைபேசிக் கம்பியில் சுமார் 4 கிலோஹெர்ட்ஸ் வரை இடம் போதும். அதற்கு மேலே காலியாகக் கிடக்கும் அதிர்வெண்களில் இணையத் தகவலை அனுப்புவதுதான் டி.எஸ்.எல். முறை. பழைய டயல்-அப் இணைப்பு குரலின் இடத்தையே எடுத்துக்கொண்டதால், நெட் ஓடும்போது போன் 'பிஸி' ஆகிவிடும். வேகமும் அதிகபட்சம் 56 கே.பி.பி.எஸ். மட்டுமே. டி.எஸ்.எல்.லில் இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கும். குரலையும் தகவலையும் பிரித்துவிடும் சிறு பெட்டிதான் ஸ்ப்ளிட்டர்.

இதில் ஒரு பாடம் நாங்களே கற்றோம். அறக்கட்டளையின் கணினி வகுப்பில் போன் மணி அடிக்கும்போதெல்லாம் இணைப்பு அறுந்தது. மோடத்தை மாற்றியும் சரியாகவில்லை. கடைசியில் பார்த்தால், மாடியறைக்கு இழுத்த துணை போனை ஸ்ப்ளிட்டருக்கு முன்பே இணைத்திருந்தோம். அதைப் பின்னால் மாற்றியதும் சரியானது. வீட்டில் எத்தனை போன் இருந்தாலும், ஒவ்வொன்றும் ஸ்ப்ளிட்டர் அல்லது ஃபில்டர் வழியாகவே இணைக்கப்பட வேண்டும்.

வகைகள்

ஏ.டி.எஸ்.எல்.: வீடுகளுக்கானது. இறங்கும் வேகம் அதிகம், ஏறும் வேகம் குறைவு. முதலில் வந்தது சுமார் 8 எம்.பி.பி.எஸ். வரையும், அடுத்து வந்த ஏ.டி.எஸ்.எல்.2+ 24 எம்.பி.பி.எஸ். வரையும் இறக்கும். ஏறும் வேகம் பெரும்பாலும் 1 எம்.பி.பி.எஸ். அளவுதான். வீடியோ பார்ப்பது இறக்கம். நம் முகத்தை அத்தாவுக்கு அனுப்புவது ஏற்றம். அந்தத் தாயின் குறைக்குக் காரணம் இதுவே.

வி.டி.எஸ்.எல்.: அதே கம்பியில் 50 எம்.பி.பி.எஸ்., அதற்கு மேலும் தரக்கூடியது. ஆனால் தெருப்பெட்டியோ எக்ஸ்சேஞ்சோ மிக அருகில் இருக்க வேண்டும். ஒரு கிலோமீட்டரைத் தாண்டினால் அதன் சிறப்பு பெரும்பாலும் போய்விடும்.

எஸ்.டி.எஸ்.எல்.: ஏற்றமும் இறக்கமும் சமம். அலுவலகங்களுக்கும், கிளைகளை இணைக்கும் நிறுவனங்களுக்கும் உரியது. கட்டணம் அதிகம்.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவான விதி தூரம். எக்ஸ்சேஞ்சிலிருந்து கம்பி நீள நீள சமிக்ஞை தேயும். சுமார் 5 கிலோமீட்டருக்கு அப்பால் ஏ.டி.எஸ்.எல். கிடைப்பதே சிரமம். ஒரே திட்டம் எடுத்த இரு வீடுகளில் வேகம் வேறுபடுவது இதனால்தான்.

வணிக இணைப்பில் என்ன கூடுதல்?

வீட்டு இணைப்பின் பாதையைப் பல வீடுகள் பங்கிட்டுக்கொள்கின்றன. இரவில் எல்லோரும் ஒரே நேரத்தில் பார்க்கும்போது வேகம் குறையும். வணிக இணைப்பில் பொதுவாகப் பங்காளிகள் குறைவு. மாறாத ஐ.பி. முகவரி கிடைக்கும். பழுதை இத்தனை மணி நேரத்துக்குள் சரிசெய்வோம் என்ற உறுதியும் ஒப்பந்தத்தில் இருக்கலாம்.

பில் போடும் மளிகைக் கடைக்கு வீட்டு வகையே போதுமா என்று முதலில் பாருங்கள். டிராவல்ஸ், அச்சகம், வீட்டிலிருந்து தையல் டிசைன் அனுப்பும் சகோதரிகள் ஏறும் வேகத்தைப் பார்க்க வேண்டும். 50 எம்.பி. கோப்பை 0.5 எம்.பி.பி.எஸ். வேகத்தில் ஏற்ற 13 நிமிடத்துக்கு மேல் ஆகும். 2 எம்.பி.பி.எஸ். என்றால் மூன்றரை நிமிடத்தில் முடியும். கோப்பின் அளவு பைட்டில், வேகம் பிட்டில்; 8 பிட் சேர்ந்தது 1 பைட். விளம்பரத்தில் 8 என்று பார்த்தால், நொடிக்கு 1 எம்.பி. கோப்புதான் இறங்கும் என்று கணக்கிடுங்கள்.

கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டியவை

1. இறங்கும் வேகம் எவ்வளவு, ஏறும் வேகம் எவ்வளவு? இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள்.
2. 'வரை' என்ற சொல் இருக்கிறதா? அது உச்ச அளவு, உறுதி அல்ல. நம் தெருவில் உண்மையில் எவ்வளவு வருகிறது என்று அண்டை வீட்டாரிடம் விசாரியுங்கள்.
3. எத்தனை ஜி.பி.க்குப் பிறகு வேகம் குறைக்கப்படும்?
4. மோடம் நமக்குச் சொந்தமா, வாடகையா? முன்பணம் திரும்பக் கிடைக்குமா?
5. எங்கள் தெருவுக்கு ஃபைபர் வந்துவிட்டதா?

ஐந்தாவது கேள்வி முக்கியம். ஃபைபரில் ஒளி வழியே தகவல் செல்வதால், ஊருக்குள் தூரத்தால் வேகம் குறைவதில்லை. பல ஊர்களில் செம்புக் கம்பிக்குப் பதிலாக அதுவே வருகிறது. கட்டணம் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் ஃபைபரையே எடுங்கள். ஆனால் ஒன்றை மறக்க வேண்டாம்: பழைய லேண்ட்லைன் போனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே மின்சாரம் வரும், ஃபைபர் போன் வீட்டில் கரண்ட் போனால் பேசாது. வயதானவர்கள் தனியாக இருக்கும் வீடுகளில் மோடத்துக்குச் சிறு யு.பி.எஸ். வையுங்கள். இடி மின்னலின்போது கம்பி இணைப்புள்ள மோடத்தின் மின் வயரையும் தொலைபேசி வயரையும் கழற்றிவிடுங்கள்.

கடைசியாக ஒரு நினைவூட்டல். அடுத்த வீட்டு வைஃபையை அவர் அனுமதியின்றிப் பயன்படுத்துவது பிறர் பொருளை எடுப்பதே. அதுவும் ஹக்குதான், பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். நம் கடவுச்சொல்லையும் பத்திரமாக வைப்போம்.

திட்டம் பற்றிச் சந்தேகம் உள்ளவர்கள் பில்லை எடுத்துக்கொண்டு அறக்கட்டளை அலுவலகத்துக்கு வாருங்கள். சேர்ந்து பார்ப்போம், இன்ஷா அல்லாஹ். நம் பிள்ளைகளின் கல்வியிலும் தொழில்களிலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக! ஆமீன்.