இருபது நிமிடம் கையில் இருந்த கடிகாரம்



ஆசையைப் பற்றிய பாடம் என்றால் பிறர் கதையைச் சொல்வது எளிது. இந்த மாதம் நம் கதையையே சொல்கிறோம்.

நிகாஹ் அன்று மாமனார் கட்டிவிட்ட பழைய வாட்சுக்கு பேட்டரி மாற்ற ஒரு கடைக்குப் போனோம். கடைப் பையன் அதை வாங்கி உள்ளே கொடுத்துவிட்டு, "இருபது நிமிஷம் ஆகும் பாய். அதுவரைக்கும் இதைக் கட்டிப் பாருங்க. வாங்கணும்னு இல்ல" என்று கண்ணாடிப் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து மாட்டிவிட்டார்.

சுவிட்சர்லாந்தில் செய்த ஆட்டோமேட்டிக் வாட்ச். நீல டயல், எஃகுச் சங்கிலி. கை அசைய அசைய அதுவே சாவி ஏற்றிக்கொள்ளும். நம் வாட்சில் விநாடி முள் தாவித் தாவிப் போகும்; இதில் வழுக்கிக்கொண்டு போனது. விலை 2,40,000 ரூபாய். இப்படிப்பட்ட வாட்ச் கட்டுகிறவர்களைப் பற்றி இதுவரை என்னென்ன பேசியிருக்கிறோம் என்பது நமக்குத்தான் தெரியும். ஆனால் அதைக் கழற்றிக் கொடுக்கும்போது, நம் பொருளை வேறு யாரோ வாங்கிக்கொள்வதுபோல் இருந்தது.

அன்றிரவு செல்போனில் அதன் படத்தைப் பார்த்தோம். மறுநாளும் பார்த்தோம். ஹஜ்ஜுக்காக ஆறு வருடமாகச் சேர்த்த 2,60,000 ரூபாய் வங்கியில் இருந்தது. 'திரும்பச் சேர்த்துக்கொள்ளலாமே' என்றது மனம். மாதத் தவணையும் உண்டு என்று கடையில் சொல்லியிருந்தார்கள். அதில் வட்டி இருக்கிறதா என்று நாம் கேட்கவில்லை. கேட்டால் பதில் தெரிந்துவிடுமே!

மூன்றாம் நாள் அஸர் தொழுகையில் தக்பீர் கட்டக் கையை உயர்த்தினோம். கண் மணிக்கட்டுக்குப் போனது. அந்த நீல டயல் அங்கே எப்படி இருக்கும் என்ற நினைப்பிலேயே முதல் ரக்அத் முடிந்தது.

அப்போதுதான் ஒரு ஹதீஸ் நினைவுக்கு வந்தது. கோலங்கள் உள்ள ஒரு மேலாடையை அணிந்து நபி (ஸல்) அவர்கள் தொழுதார்கள். அந்தக் கோலங்கள் கவனத்தை ஈர்த்ததால், தொழுகை முடிந்ததும் அதை அபூ ஜஹ்ம் (ரலி) அவர்களிடம் கொடுத்தனுப்பிவிட்டு, அவரிடமிருந்த கோலமில்லாத ஆடையை வாங்கிவரச் சொன்னார்கள். ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. அந்த ஆடை ஹராம் என்று அவர்கள் சொல்லவில்லை. மனதை இழுத்த பொருளைத் தம்மிடமிருந்து அகற்றினார்கள்.

ஏன் இப்படி ஆகிறது?

அமெரிக்க ஆய்வாளர்களான ஜோன் பெக், சுசான் ஷூ இருவரும் 2009-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு பொருளை வெறுமனே தொட்டுப் பார்த்தாலே 'இது என்னுடையது' என்ற உணர்வு கூடுகிறது என்பது அதன் முடிவு. தொட முடியாதபோது, அது தன்னிடம் இருப்பதாகக் கற்பனை செய்தாலும் அந்த உணர்வு கூடுகிறதாம். கடையில் கை செய்த வேலையை, இரவில் செல்போன் படம் செய்தது. ஆசை வந்ததற்காக நம்மை நாமே சபித்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் அது எந்த வழியாக உள்ளே வந்தது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நேரம் பார்க்கத்தான் அந்த விலையா என்றால், இல்லை. 1969 டிசம்பரில் ஜப்பானின் செய்கோ நிறுவனம் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் குவார்ட்ஸ் வாட்ச் மாதத்துக்குச் சுமார் 15 விநாடிதான் பிசகும். சுவிட்சர்லாந்தில் குரோனோமீட்டர் சான்று பெறும் ஆட்டோமேட்டிக் வாட்ச்கூட நாளுக்கு 4 விநாடி பின்தங்கலாம், 6 விநாடி முந்தலாம். அதன் விலை வேலைப்பாட்டுக்கும் பெயருக்கும் உரியது. அழகை விரும்புவது குற்றமில்லை. நல்ல உடையும் நல்ல செருப்பும் விரும்புவது பெருமையடிப்பதாகாது என்று நம் மார்க்கமே சொல்கிறது. அப்படியானால் நாம் தவறியது எங்கே?

வீட்டில் கேட்ட கேள்வி

நான்காம் நாள் வீட்டில் சொன்னோம். கோபம் வரும் என்று எதிர்பார்த்தோம். வரவில்லை. "அந்தப் பணத்துல என் தையல் காசு எவ்வளவு இருக்குன்னு ஞாபகம் இருக்காங்க?" என்று மட்டும் கேட்டார்கள்.

ஞாபகம் இல்லை. அவர்கள் நோட்டில் எழுதி வைத்திருந்தார்கள். 1,12,000 ரூபாய்.

மனைவி சம்பாதித்தது மனைவிக்கே சொந்தம் என்று எத்தனையோ கூட்டங்களில் நாமே பேசியிருக்கிறோம். நமக்குச் சொந்தமில்லாத வாட்சை நம்முடையது என்று கை நினைத்தது. நமக்கு மட்டும் சொந்தமில்லாத பணத்தையும் நம்முடையது என்று மனம் நினைத்துவிட்டது. ஒன்று இருபது நிமிடத்தில் வந்தது. இன்னொன்று ஆறு வருடமாக, நமக்கே தெரியாமல் வந்திருக்கிறது. இரண்டாவதுதான் நம்மை உறங்கவிடவில்லை.

இன்னொரு பங்காளியும் உண்டு. அந்த 2,40,000 ரூபாய் சேமிப்பாக இருக்கும்வரை ஆண்டுதோறும் இரண்டரை சதவீதம், அதாவது 6,000 ரூபாய், ஜகாத்தாக ஏழைகளுக்குப் போகிறது. சொந்த உபயோகத்துக்கான எஃகு வாட்சாக அது மாறிவிட்டால் அதற்கு ஜகாத் இல்லை. நம் கையில் ஏறுவது, யாரோ ஒரு விதவைத் தாயின் கையிலிருந்து இறங்குகிறது.

வீட்டில் பேசிக்கொள்ள

1. வாங்கும் எண்ணமோ வசதியோ இல்லாத பொருளைக் கட்டிப் பார்க்க வேண்டாம். மாப்பிள்ளையைக் கடைக்கு அழைத்துப்போகும் பெண் வீட்டாரும், போகும் மாப்பிள்ளையும் இதைக் கவனிக்க வேண்டும். கையில் ஏறியதை மாப்பிள்ளை கழற்றத் தயங்கினால், கடன் வாங்குவது பெண்ணின் அத்தா.

2. ஆசை வந்துவிட்டால் படத்தை அழித்துவிட்டு ஒரு மாதம் பொறுங்கள். அதன் பிறகும் தேவை என்று தோன்றினால் வீட்டில் எல்லோரும் இருக்கும்போது பேசுங்கள்.

3. தவணை என்றால், முதல் கேள்வி வட்டியைப் பற்றியதாக இருக்கட்டும்.

4. குடும்பச் சேமிப்பில் யார் பணம் எவ்வளவு என்று எழுதி வையுங்கள். நம்பிக்கை இல்லாததால் அல்ல, அமானத் என்பதால்.

மாமனார் தந்த வாட்சைத்தான் கட்டியிருக்கிறோம். புது பேட்டரியில் நன்றாக ஓடுகிறது. அந்த நீல டயல் இன்னும் அழகாகத்தான் நினைவில் இருக்கிறது. பொய் சொல்ல விரும்பவில்லை. வங்கிப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இரண்டு பெயர்களும், அவற்றுக்கு நேரே இரண்டு தொகைகளும் எழுதியிருக்கிறோம். அந்தப் பயணத்தை அல்லாஹ் எங்கள் இருவருக்கும் எளிதாக்குவானாக. நம் அனைவரின் கைகளையும் பிறர் உரிமையிலிருந்து காப்பானாக. ஆமீன்.