அமெரிக்க மாதரும் சம ஊதியமும்

ஒரே வேலையைச் செய்யும் இருவருக்கு ஒரே கூலி கொடுத்தல் வேண்டும் என்பது சிறு பிள்ளைக்கும் விளங்கும் நியாயமேயாம். எனினும் அமெரிக்க ஐக்கிய நாடுகள் முழுமைக்கும் இது சட்டமாவதற்கு 1963-ஆம் ஆண்டு வரை மாதர் காத்திருக்க வேண்டியதாயிற்று. அவ்வாண்டு ஜூன் 10-ஆம் நாள் ஜனாதிபதி கென்னடி சம ஊதியச் சட்டத்திற் கையொப்பமிட்டனர். அக்காலத்தில் ஆடவர் ஒரு டாலர் பெறுமிடத்து மாதர் பெற்றது ஏறக்குறைய 59 சென்டே.

அடுத்த ஆண்டு நிறைவேறிய குடிமையுரிமைச் சட்டத்தில் மாதர் புகுந்த வரலாறு விநோதமானது. நிறம், மதம், பிறந்த தேசம் என்பன பற்றி வேலையில் வேற்றுமை பாராட்டலாகாது என்பதே முதலில் எழுந்த மசோதா. அம்மசோதாவை எதிர்த்து நின்ற வர்ஜீனியாப் பிரதிநிதி ஹோவர்டு ஸ்மித் என்பவரே ஆண்பெண் வேற்றுமையையும் அதிற் சேர்க்க வேண்டுமென்றார். சபையில் நகையொலி எழுந்தது. மசோதாவைக் கவிழ்க்கவே அவர் அங்ஙனம் செய்தனர் என்பாரும், மாதர்மீது அவர்க்கு மெய்ப்பரிவு உண்டென்பாரும் உளர். மார்த்தா கிரிபித்ஸ் முதலிய பெண் பிரதிநிதிகளோ நகைத்தவர்க்குத் தக்க விடையிறுத்து அத்திருத்தத்தை நிறைவேற்றுவித்தனர்.

இனிச் சட்டம் ஏட்டில் இருந்தும் பயன்படாது போன வழக்கொன்றை நோக்குவோம். லில்லி லெட்பெட்டர் என்னும் அம்மையார் அலபாமா மாகாணத்துக் காட்ஸ்டன் நகரிலுள்ள குட்இயர் டயர்த் தொழிற்சாலையில் 1979-இல் மேற்பார்வையாளராக அமர்ந்தார். பத்தொன்பது ஆண்டு கழிந்தபின், பெயரிடாத ஒரு துண்டுச் சீட்டு அவர் கைக்கு எட்டியது. ஒத்த பதவியிலுள்ள ஆடவர் சிலரின் சம்பளம் அதிற் குறிக்கப்பட்டிருந்தது. 1997-இன் இறுதியில் அவரது மாதச் சம்பளம் 3,727 டாலர். அப்பதவியிலிருந்த ஆடவருள் மிகக் குறைவாகப் பெற்றவர்க்கும் 4,286 டாலர். மிகுதியாகப் பெற்றவர்க்கு 5,236 டாலர்.

இத்துணை வேற்றுமை ஒரே நாளில் விளைந்ததன்று. சம்பள உயர்வு பழைய சம்பளத்தில் நூற்றுக்கு இத்தனை என்று கணக்கிடப்படுமாதலின், முதலிற் செய்த சிறு குறை ஒவ்வோர் உயர்விலும் உடன் வளரும். அன்றியும், உடனுழைப்போர் பெறுவது இன்னதென்று அறிய வழியில்லாத இடத்தில் எவர்தாம் முறையிடுவர்?

ஜூரிகள் அம்மையார் பக்கமே தீர்ப்பளித்தனர். ஆயினும் 2007-ஆம் ஆண்டு மே மாதத்தில் உயர்தலை நியாயஸ்தலம், சம்பளத்தை நிர்ணயித்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் முறையிட்டிருத்தல் வேண்டுமென ஐவர்க்கு நால்வராய்ப் பிரிந்து வழக்கைத் தள்ளிற்று. அறியாத தீங்கைப் பற்றி ஒருத்தி எங்ஙனம் ஆறு மாதத்துள் முறையிடுவது? நமக்கு இது வியப்பாகவே இருக்கின்றது. மாறுபட்ட நால்வர் சார்பில் ரூத் பேடர் கின்ஸ்பர்க் அம்மையார் தம் கருத்தை மன்றிலேயே வாய்விட்டுப் படித்து, சட்டசபையார் இதனைத் திருத்தக் கடவர் என்றனர்.

அவ்வண்ணமே 2009-ஆம் ஆண்டு ஜனவரி 29-ஆம் நாள் ஜனாதிபதி ஒபாமா லெட்பெட்டர் பெயரால் வழங்கும் சட்டத்திற் கையொப்பமிட்டனர். வேற்றுமையால் குறைந்த சம்பளம் ஒவ்வொரு முறை கொடுக்கப்படும்போதும் அக்காலவரை புதிதாகத் தொடங்கும் என்பது அச்சட்டத்தின் சாரம். அம்மையாருக்கோ அதனால் ஒரு டாலரும் கிட்டவில்லை. 2024-ஆம் ஆண்டு அக்டோபரில் அவர் காலமாகும் வரை, அவரது ஓய்வூதியமும் குறைந்த அச்சம்பளத்தின்மேற் கணக்கிடப்பட்டதாகவே இருந்தது.