அடுப்புக் குழாயும் புகைபோக்கியும் ஒன்றா?

மாணவர்களே, குளிர்நாட்டுத் திரைப்படங்களில் பனி மூடிய கூரையிலிருந்து புகை எழுவதைப் பார்த்திருப்பீர்கள். கனடா போன்ற நாடுகளில் பல வீடுகள் இன்றும் விறகு அடுப்பால் கதகதப்பாக்கப்படுகின்றன. அடுப்பிலிருந்து கூரைக்கு மேல்வரை செல்லும் அமைப்பு முழுவதையும் நாம் ‘சிம்னி’ என்று சொல்லிவிடுகிறோம். ஆனால், அதன் பகுதிகளுக்குத் தனித்தனிப் பெயர்கள் உண்டு. அவற்றைக் குழப்பிக்கொண்டால் வீடே தீப்பற்றக்கூடும்.

அடுப்புக் குழாய்: அடுப்பையும் புகைபோக்கியையும் இணைப்பது. இது அறைக்குள் மட்டுமே இருக்க வேண்டும். ஒற்றை எஃகுத் தகட்டால் ஆன குழாய் மிகவும் சூடாகி, அறைக்கும் வெப்பம் தரும். எனவே, அது மரச்சுவரிலிருந்து சுமார் 45 செ.மீ. தள்ளி இருக்க வேண்டும்.

புகைபோக்கி: உட்கூரையில் தொடங்கி, கூரைக்கு மேலே முடிவது. உலோகப் புகைபோக்கியில் இரண்டு எஃகுச் சுவர்களுக்கு இடையே வெப்பக்காப்புப் பொருள் இருக்கும். இது கூரையின் மரச்சட்டங்களைக் காக்கிறது. உள்ளே செல்லும் புகையையும் சூடாக வைத்திருக்கிறது.

புகைவழி: இவ்விரண்டின் உள்ளேயும் புகை செல்லும் வெற்றிடம்.

டேம்பர்: குழாய்க்குள் திருப்பக்கூடிய தட்டு. புகையின் வேகத்தைக் கட்டுப்படுத்தும். அளவுக்கு மீறி மூடினால், நிறமும் மணமும் இல்லாத நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடு அறைக்குள் பரவலாம்.

மூடி: மழைநீரும் பறவைகளும் உள்ளே புகாமல் தடுப்பது.

புகை ஏன் சூடாக இருக்க வேண்டும்? சூடான புகையின் அடர்த்தி குறைவு. அதனால் அது மேலெழுகிறது. குளிர்ந்தால் மெதுவாகிவிடும். ஐஸ் தண்ணீர்க் குவளையின் வெளிப்புறத்தில் நீர்த்துளிகள் படிவதுபோல, புகையிலுள்ள ஆவிகளும் குளிர்ந்த சுவரில் ஒடுங்கிப் படியும். தார் போன்ற அந்தப் படிவின் பெயர் கிரியோசோட். அது தீப்பற்றினால் வெப்பநிலை 1,000 பாகை செல்சியசைத் தாண்டலாம்.

இப்போது எண்ணிப் பாருங்கள். ‘எல்லாம் குழாய்தானே’ என்று ஒருவர் ஒற்றைத் தகட்டுக் குழாயையே கூரை வழியாக வெளியே கொண்டு செல்கிறார். வெளிக்குளிரில் கிரியோசோட் விரைவாகச் சேரும். அது தீப்பற்றும்போது, மரச்சட்டத்துக்கும் நெருப்புக்கும் இடையே இருப்பது ஒரு மெல்லிய தகடு மட்டுமே!

சிந்திக்க: அடுப்புக் குழாயின் துண்டுகளை இணைக்கும்போது, மேல்துண்டின் முனை கீழ்த்துண்டின் உள்ளே செருகப்படுகிறது. ஏன்? புகை மேலே போகும். திரவம் எங்கே போகும்?