வெட்டு நிறுத்தினால் சுகர் ஏறுவது ஏன்?

கேள்வி: எனக்கு வயது 48. ரப்பர் பால்வெட்டுத் தொழில். சுகருக்கு மாத்திரை போடுகிறேன். வெட்டு நடக்கும்போது சுகர் கட்டுக்குள் நிற்கிறது. இலை உதிர்ந்து வெட்டை நிறுத்தினால், அதே மாத்திரை, அதே மரச்சீனியும் மீன்கறியும்தான், ஆனாலும் ஏறிவிடுகிறது. வீட்டில் இருந்தால் இன்சுலின் சுரக்காதா?
- ஒரு வாசகர், பெருங்கடவிளை

பதில்: சுரக்காமல் என்ன? குறைந்துபோனது உங்கள் தசைகளின் வேலை.

தசைச் செல்லுக்குள் 'குளூட்-4' என்றொரு புரதம் இருக்கிறது. இன்சுலின் வந்து உசுப்பினால் அது செல்லின் மேற்பரப்புக்கு வந்து, ரத்தத்திலுள்ள சர்க்கரையை உள்ளே எடுத்துக்கொள்ளும். டைப்-2 நீரிழிவில் இன்சுலின் இருந்தும் தசை அதற்குச் சரியாக மசிவதில்லை. ஆனால் தசை சுருங்கி விரியும்போது, இன்சுலின் சொல்லாமலே குளூட்-4 மேலே வந்துவிடும். மேட்டிலும் பள்ளத்திலும் மரத்துக்கு மரம் நடந்து, குனிந்து பட்டை சீவி, பிறகு சிரட்டை சிரட்டையாகப் பால் எடுத்து வாளியில் சுமக்கிறீர்களே, அத்தனையும் இந்தக் கணக்கில் சேரும். வேலை முடிந்த பிறகும் ஓரிரு நாள் தசை இன்சுலினுக்கு நன்றாக இணங்கும். அதற்கு மேல் அந்தப் பலன் தங்காது. வெட்டில்லாத மாதங்களில் நீங்கள் இழப்பது இதைத்தான்.

இது தவிர, விடியற்காலையில் கார்டிசால் என்ற ஹார்மோனும் வளர்ச்சி ஹார்மோனும் கூடும். இவை இன்சுலினுக்கு எதிர்க்கட்சி. ராத்திரி பட்டினி கிடந்தாலும் காலைச் சுகர் கூடுதலாக இருக்க இதுவும் ஒரு காரணம்.

உங்கள் நெய்யாற்றின்கரை தாலுகாவிலேயே 60 வாக்குச்சாவடிப் பகுதிகளில், நீரிழிவு வரும் அபாயமுள்ள 1,007 பேரிடம் கேரள நீரிழிவுத் தடுப்புத் திட்ட ஆய்வு நடந்தது. முடிவு 2018இல் வெளியானது. இரண்டு ஆண்டுகளில் நோய் வந்தவர்கள், வாழ்க்கைமுறைக் கூட்டங்களில் சேர்ந்த குழுவில் 14.9%, மற்றதில் 17.1%. புள்ளியியல்படி இது உறுதியான வித்தியாசம் இல்லை. அதற்காகப் பலனே இல்லை என்று ஆகிவிடாது; உடல் உழைப்பின் பலனை உங்களுக்குத் தொழிலே காட்டிவிட்டது.

வெட்டு நின்ற நாட்களில் மண்வெட்டியைக் கையில் எடுங்கள். அதுவும் இல்லையென்றால் நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து எழும்புங்கள், சாப்பிட்டதும் கொஞ்சம் நடங்கள். இரண்டு நாள் சேர்ந்தாற்போல் சும்மா இருக்க வேண்டாம்.

உங்கள் மாத்திரை கிளிமிபிரைடு வகை என்றால், வெறும் வயிற்றில் வெட்டுக்குப் போவது ஆபத்து. கை நடுங்கி வியர்த்தால் கத்தியைக் கீழே வைத்துவிட்டு உடனே சர்க்கரை சாப்பிடுங்கள். மாத்திரையின் அளவை வெட்டுக் காலத்துக்குத் தகுந்தபடி மாற்ற வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.