வெறுங்கால் வித்தகர் அகமது கான்

காற்பந்தாட்டம் பார்த்துத் திரும்புவோரை ஆட்டம் எவ்வாறு நிகழ்ந்தது என்று வினவினால், கோல் அடித்தவரின் பெயரையே முதலிற் கூறுவர். அப்பந்து அவர் காலடிக்கு எவ்வழியாக வந்தது, அதனைக் கொணர்ந்து சேர்த்தவர் யார் என்று உசாவுவோர் சிலரே. பின்னே நின்று காப்போரையும் முன்னே சென்று தாக்குவோரையும் இணைக்கும் நடுக்கள ஆட்டக்காரர் இல்லையேல், பதினொருவர் களத்தில் நின்றும் அணி என்பதொன்று இராது. பெல்ஜிய நாட்டுக் கெவின் டி புருய்ன் என்பார் இக்கலையில் நம் காலத்தில் உலகப் புகழ் எய்தியவர். அவர் பெயரை நம் மாணாக்கர் பலரும் அறிவர். ஆனால் ஓசூருக்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூரிற் பிறந்து, இக்கலையில் தேர்ந்து, இரண்டு ஒலிம்பிக் போட்டிகளில் நம் நாட்டின் சார்பாக ஆடிய அகமது கானை அறிந்தோர் நம்முள் மிகச் சிலர். அவரது ஆட்ட வாழ்வையும், அது நமக்கு உணர்த்தும் பொருளையும் ஈண்டுச் சுருக்கமாக ஆராயப் புகுகின்றோம்.

அக்காலத்து அணிவகுப்பைச் சிறிது விளக்குதல் வேண்டும். அன்று முன்னணியில் ஐவர் நிற்பர். இரு விளிம்புகளில் இருவர், நடுவே ஒருவர், விளிம்புக்கும் நடுவுக்கும் இடையே உட்புறத்தில் இருவர். இவ்வுட்புறத்தார் சற்றுப் பின்வாங்கி வந்து, பின்னணியினரிடம் பந்தைப் பெற்று, முன்னே கொண்டு சென்று, தக்க சமயத்தில் தக்கவரிடம் சேர்ப்பிப்பர். அகமது கான் இடப்பக்கத்து உட்புறத்தவர். இக்காலத்தில் தாக்கும் நடுக்கள ஆட்டக்காரருக்கு உரிய தொழில் பெரும்பாலும் அவருடையதாகவே இருந்தது. எதிரிகள் சூழ்ந்து நிற்கையிலும் பந்தைக் காலோடு ஒட்டினாற்போல் வைத்துக் கடத்திச் செல்லும் திறத்தினால் அவர் ‘பாம்பாட்டி’ என்னும் பட்டப்பெயரும் பெற்றார்.

அவர் 1926-ஆம் ஆண்டு டிசம்பர் 24-ஆம் நாள் பிறந்தார். காற்பந்தாட்டத்தில் ஈடுபட்ட குடும்பம் அவருடையது. பெங்களூர் அப்பொழுது மைசூர் சமஸ்தானத்தைச் சேர்ந்தது. அங்கிருந்த கண்டோன்மெண்டில் ஆங்கிலப் படையினர் தங்கியிருந்தமையால், காற்பந்தாட்டம் அந்நகரத்து எளிய மக்களிடையேயும் வேரூன்றிவிட்டது. தமிழும் கன்னடமும் உருதுவும் தெலுங்கும் பேசும் சிறுவர் ஒரே திடலில் கூடி ஆடினர். அவர்களிற் பெரும்பாலோர் ஆடியது வெறுங்காலோடுதான்.

1948-ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில் ஒலிம்பிக் போட்டிகள் நிகழ்ந்தன. விடுதலை பெற்ற ஓராண்டுக்குள் நம் நாடு தன் காற்பந்தணியை முதன்முறையாக அங்கு அனுப்பியது. தலிமெரன் ஆவோ தலைவராயிருந்த அவ்வணியில் அகமது கானும் ஒருவர். ஜூலை 31-ஆம் நாள் இல்போர்டில் பிரெஞ்சு அணியை எதிர்த்து ஆடியபோது, நம்மவர் பதினொருவருள் எண்மர் வெறுங்காலர். மைசூரிலிருந்து சென்ற சாரங்கபாணி ராமன் ஒரு கோல் அடித்து ஆட்டத்தைச் சமனாக்கினார். ஒலிம்பிக் காற்பந்தில் இந்தியா பெற்ற முதல் கோல் அதுவே. எனினும் கிடைத்த இரண்டு பெனால்டி உதைகளும் வீணாயின; இறுதி நிமிடங்களில் பிரெஞ்சு அணி மற்றுமொரு கோல் அடித்து 2–1 என்ற கணக்கில் வென்றது. தோற்றும் நம்மவர் பார்த்தவர் நெஞ்சைக் கவர்ந்தனர்.

அடுத்த ஆண்டு அகமது கான் கல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் சங்கத்திற் சேர்ந்தார். அவரோடு வெங்கடேசும், அப்பாராவும், தன்ராஜும், சாலேயும் முன்னணியில் நின்றனர். தென்னாட்டிலிருந்து சென்ற இவ்வைவரையும் வங்காளத்து மக்கள் ‘பஞ்ச பாண்டவர்’ என்றே அழைத்து மகிழ்ந்தனர். 1949, 1950, 1951 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் தொடர்ந்து ஐ.எப்.ஏ. கேடயத்தையும், 1951, 1952 ஆகிய ஆண்டுகளில் தூரந்து கோப்பையையும் அச்சங்கம் வென்றது. ஐவரும் ஒரே ஊரினர் அல்லர். வேறு வேறு மொழியினர். வேறு வேறு சமயத்தினர். ஆயினும் ஒருவர் எண்ணத்தை மற்றவர் கண்ணசைவால் அறிந்து பந்தைக் கைமாற்றுவதுபோல் கால்மாற்றினர். அக்கூட்டுறவின் முடிச்சாக விளங்கியவர் அகமது கான்.

1951-ஆம் ஆண்டு புது தில்லியில் நடைபெற்ற முதல் ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்திய அணி ஈரானை 1–0 என்ற கணக்கில் வென்று தங்கப் பதக்கம் பெற்றது. சைலேன் மன்னாவின் தலைமையில் ஆடிய அவ்வணியிலும் அகமது கான் இடம்பெற்றார். இவ்வுயர்வுக்குப் பின் ஓராண்டு சென்று, 1952-ஆம் ஆண்டு ஜூலை மாதம், பின்லாந்தின் தலைநகரான ஹெல்சிங்கியில் நம்மவர் யூகோஸ்லாவியாவை எதிர்த்தனர். குளிர் மிகுந்த நிலம்; மெல்லிய கால்; எதிரே வன்மை மிக்க பூட்ஸ் அணிந்த அணி. யூகோஸ்லாவியா பத்துக் கோல்களை அடித்தது. ஆட்டம் முடியுந் தறுவாயில் நம்மவர் சார்பில் ஒரே ஒரு கோல் விழுந்தது. அதனை அடித்தவர் அகமது கான். பல கோல்கள் பின்தங்கியும் கடைசி நிமிடம் வரை பந்தைத் தேடி ஓடிய அம்மனவுறுதி போற்றற்குரியது.

இத்தோல்வியை நாம் ஆராய்தல் வேண்டும். அகமது கானுக்குத் திறமை குறைவா? ஆசியாவின் தங்கத்தை முந்திய ஆண்டிற் பெற்ற அணிக்கு ஆற்றல் இல்லையா? குறை வேறிடத்தில் இருந்தது. அக்காலத்தில் நம் நாட்டு ஆட்டங்கள் 90 நிமிடத்துக்குக் குறைவாகவே நிகழ்ந்தன; வெளிநாட்டு முறைகளை அறியும் வாய்ப்பு அரிதாயிருந்தது. 1950-ஆம் ஆண்டு பிரேசிலில் நடைபெற்ற உலகக் கோப்பைக்கு இடம் கிடைத்தும் நம் சங்கத்தார் அணியை அனுப்பவில்லை. வெறுங்காலைத் தடுத்தமையாலேயே செல்லவில்லை என்று கூறுவதுண்டு. எனினும் அப்போட்டியின் பெருமையை நம்மவர் உணராது ஒலிம்பிக்கையே பெரிதாகக் கொண்டிருந்தனர் என்பது கருதத்தக்கது. ஹெல்சிங்கிக்குப் பின்னரே பூட்ஸ் அணிதல் கட்டாயமாயிற்று. ஐதராபாத்து ரஹீம் அவர்களின் பயிற்சியில் வளர்ந்த இந்திய அணி, 1956-ஆம் ஆண்டு மெல்போர்ன் ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவை 4–2 என வென்று நான்காம் இடத்தைப் பெற்றது. நான்கே ஆண்டுகளில் நேர்ந்த இம்மாறுதலுக்குப் பூட்ஸ் ஒன்றே காரணம் எனச் சொல்லோம். திறமைக்குத் துணையாக வேண்டியவற்றைத் தேடித் தர வேண்டும் என்னும் எண்ணம் பிறந்ததே காரணமாகும். அவ்வெண்ணத்தின் பயன் கைகூடியபோது அகமது கான் ஒலிம்பிக் அணியில் இல்லை.

இனிப் பெல்ஜியத்தை நோக்குவோம். பரப்பளவில் அந்நாடு தமிழ்நாட்டின் நாலில் ஒரு பங்குக்கும் குறைவு. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்குக் காற்பந்து தளர்ந்திருந்தது. அதன் பொறுப்பாளர்கள் சிறுவர் பயிற்சியை அடியோடு திருத்தினர். இளஞ்சிறார்க்குச் சிறு களமும், சிறு அணியும், ஒவ்வொருவர்க்கும் பந்தைத் தொட மிகுந்த வாய்ப்பும் அளித்தனர். பாடமும் பயிற்சியும் ஒருங்கே நிகழும் பள்ளிகளும் உதவின. 2015-ஆம் ஆண்டு நவம்பரில் பெல்ஜியம் உலகத் தரவரிசையில் முதலிடம் எய்தியது. 2018-ஆம் ஆண்டு உலகக் கோப்பையில் மூன்றாம் இடம் பெற்றது. 1991-ஆம் ஆண்டு பிறந்த டி புருய்ன், தம் 14-ஆம் வயதில் கென்க் சங்கத்தின் பயிற்சிச்சாலையை அடைந்தார். பின்னர்ச் செல்சி சங்கத்தில் போதிய வாய்ப்புக் கிட்டாதபோது, ஜெர்மனியில் வோல்ப்ஸ்பர்க் சங்கம் அவரை ஏற்றுக்கொண்டது. 2015 முதல் 2025 வரை மான்செஸ்டர் சிட்டியில் ஆடி, ஆறு முறை ஆங்கில லீக் பட்டம் வென்றார். அவரும் உழைத்தார்; அகமது கானும் உழைத்தார். ஒருவர் வழுக்கியபோது தாங்குவதற்குப் பல கைகள் இருந்தன. மற்றவர்க்குத் தம் இரு கால்களே துணை.

இவ்வாராய்ச்சி நம் எல்லைப்புறத்துக்கு எவ்வகையிற் பயன்படும்? பெங்களூரில் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ், இந்தியன் டெலிபோன் இண்டஸ்ட்ரீஸ் முதலிய தொழிற்சாலைகள் தத்தமக்குக் காற்பந்தணிகளை அமைத்து, ஆடுவோர்க்கு வேலையும் அளித்தன. மாலையில் திடலுக்குச் செல்லும் இளைஞனுக்கு மாத ஊதியம் உறுதியாயிருந்தால், அவன் பெற்றோரும் அவனைத் தடுக்கமாட்டார். ஓசூரிலோ 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை தோன்றியது முதல் ஊர் பன்மடங்கு பெருகிற்று. லாரியும், மோட்டார் சைக்கிளும், கைக்கடிகாரமும் இங்குச் செய்யப்படுகின்றன. அத்திப்பள்ளியைத் தாண்டி நாள்தோறும் தொழிலாளர் வருகின்றனர், போகின்றனர். தமிழும் கன்னடமும் தெலுங்கும் உருதுவும் இங்கும் ஒரே தெருவில் ஒலிக்கின்றன. அகமது கானை வளர்த்த சூழலில் பெரும்பகுதி நம்மிடம் உளது. காலி நிலமெல்லாம் மனைகளாக மாறும் இக்காலத்தில், பிள்ளைகளுக்கென ஒரு திடலை ஒதுக்கி வைத்தலே நாம் உடனே செய்யத்தக்கது. பழைய மாணவருள் தொழிற்சாலைகளில் உயர் பதவி வகிப்போர் இதனை மனங்கொள்வாராக.

அகமது கான் 2017-ஆம் ஆண்டு ஆகஸ்டு 27-ஆம் நாள், தம் 90-ஆம் வயதிற் காலமானார். நம் கல்லூரியில் தாலந்து உவமையைக் கேளாத மாணாக்கர் இரார். ஒப்படைக்கப்பெற்ற பொருளை மண்ணிற் புதைத்து வைத்தவனை நாம் எளிதிற் பழிக்கின்றோம். ஒரு சிறுவனின் கால்களில் உள்ள திறமையை, ஆட இடமின்றியும் கற்பிப்பாரின்றியும் மண்ணிற் போகவிடும் ஊரும் அவ்வாறே பொறுப்பேற்க வேண்டியதாகும். மாணாக்கர்காள்! அடுத்த முறை நீவிர் ஆட்டங் காணும்போது, கோல் அடித்தவனைப் புகழுமுன் அவனுக்குப் பந்து தந்தவனை நோக்குங்கள். பின்னர், அவனுக்கு அத்திடலைத் தந்தவர் யார் என்றும் எண்ணிப் பாருங்கள்.