ஓட்டம் நின்ற வேட்டை நாயை வீட்டில் வைத்துக்கொள்ளும் முறை

வேட்டைக்கென்றே பல தலைமுறைகளாகத் தென்மாவட்டத்துக் கரிசல் பூமியில் பேணப்பட்டுவந்த சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் ஆகிய நாய்களுக்கு, 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைக் குற்றமாக்கிய பின்னரும், ஓட்டப் பந்தயம் என்ற பெயரிலும், சில இடங்களில் இருட்டில் நடக்கும் திருட்டு வேட்டையிலும், இன்றளவும் வேலை இருந்துகொண்டுதான் இருக்கிறது. அந்த வேலையோ நாலைந்து வருஷத்துக்கு மேல் நீடிப்பதில்லை. கால் விரல் ஒன்று முறிந்தாலோ, ஓட்டத்தில் ஒரு நொடி குறைந்தாலோ, நேற்றுவரை முட்டையும் கம்பங்கூழும் ஊட்டி வளர்த்த எஜமானனுக்கே அது வீண் செலவாகத் தோன்றிவிடுகிறது. அமெரிக்காவின் புளோரிடா மாகாணத்தில் 2018-இல் மக்கள் வாக்களித்து நாய்ப் பந்தயத்தை நிறுத்தியபோது, 2020 முடிவதற்குள் ஓய்வு பெற்ற கிரேஹவுண்டு நாய்களுக்கு வீடு தேடிக் கொடுக்க அதற்கென்றே சங்கங்கள் இருந்தன. நம் பக்கத்தில் அந்தப் பொறுப்பு பெரும்பாலும் இரக்கமுள்ள தனி மனிதர்கள் தலையில்தான் விழுகிறது. பசு லக்ஷ்மிக்கும் மானுக்கும் காக்கைக்கும் பக்கத்தில் நாய்க்கும் ஒரு சமாதி எழுப்பிய ரமணாச்ரமம் உள்ள திருவண்ணாமலையில் அத்தகைய மனிதர்களுக்குக் குறைவில்லை. குறைவெல்லாம் ஜாக்கிரதையில்தான், ஆகவேதான் இதை எழுத நேர்ந்தது.

முதலில் நாயைத் தேர்ந்துகொள்ளும் விஷயம். பணம் கொடுத்து வாங்காதீர்கள். நீங்கள் கொடுக்கும் ஐயாயிரம் ரூபாய் அடுத்த மாதமே ஓர் இளங்குட்டியாக மாறி அதே பந்தயத் திடலில் நிற்கும். அது மீட்பு ஆகாது, வியாபாரமே ஆகும். கொடுப்பவர் கையெழுத்திட்டு, இன்ன நாயை இன்னாரிடம் ஒப்படைத்தேன் என்று ஒரு காகிதத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நாய் குணமாகிப் பளபளப்பானதும் திரும்பக் கேட்டு வருபவர்கள் உண்டு. தடுப்பூசி போட்டதா, எந்த எலும்பு எப்போது முறிந்தது, ஆடு கோழி பூனை எதையேனும் கொன்றிருக்கிறதா என்ற மூன்று கேள்விகளையும் கூச்சமின்றிக் கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு வரும் பதிலை மட்டும் நம்பாமல், கயிற்றில் பிடித்தபடி ஒரு கோழிக்கு எதிரே அதை நிறுத்திப் பாருங்கள். வெள்ளை ராஜபாளையத்தில் பிறவிச் செவிடு உண்டாதலால், அது வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும்போது பின்னால் நின்று கை தட்டிப் பார்ப்பதும் அவசியம். செவிடாக இருந்தால் விட்டுவிட வேண்டுமென்பதில்லை. தெரிந்துகொண்டு எடுக்க வேண்டும், அவ்வளவே.

பிரயாணத்தை இரவில், வெறும் வயிற்றோடு, வாடகைக் காரில் வைத்துக்கொள்ளுங்கள். ரயிலில் கார்டு பெட்டியோடு சேர்ந்த நாய்க்கூண்டில் போட்டு அனுப்பும் வழி ஒன்று இருக்கிறது. அதை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை.

ஊர் வந்ததும் வீட்டுக்குப் போகுமுன் கால்நடை மருத்துவமனைக்குப் போங்கள். வெறிநாய்க்கடித் தடுப்பூசி, மற்றைய தொற்று நோய்களுக்கான தடுப்பூசி, பூச்சி மருந்து, உண்ணிக் காய்ச்சலுக்கு ரத்தப் பரிசோதனை என்பவையெல்லாம் எந்த நாய்க்கும் உள்ளவைதாம். வேட்டை நாய்க்கென்று தனியாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு: உடலில் கொழுப்பு மிகக் குறைவாக உள்ள இந்த உடல்வாகு கொண்ட நாய்கள் சிலவகை மயக்க மருந்துகளிலிருந்து தெளிய மிகுந்த நேரம் எடுக்கும் என்பது கிரேஹவுண்டுகளிடம் நன்கு அறியப்பட்ட விஷயம். தயோபென்டோன் என்னும் மருந்தைப் பற்றி இந்த எச்சரிக்கை குறிப்பாகச் சொல்லப்படுகிறது. கருத்தடை அறுவைக்கோ பழைய எலும்பு முறிவைச் சரி செய்யவோ கொண்டுபோகும்போது, "ஐயா, இது வேட்டை நாய், மயக்க மருந்தைப் பார்த்துக் கொடுங்கள்" என்று நீங்களே வாய்விட்டுச் சொல்லிவிடுவது மரியாதைக் குறைவல்ல. சிக்கலான அறுவையென்றால் சென்னை வேப்பேரியில் 1903 முதல் நடந்துவரும் கால்நடை மருத்துவக் கல்லூரிவரை போக நேரலாம். அந்தச் செலவையும் முன்கூட்டியே மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

இனி, எத்தனையோ நல்ல மனிதர்கள் சறுக்கி விழும் இடத்துக்கு வருவோம்.

வீட்டுக்கு வந்த வேட்டை நாய் பகலெல்லாம் படுத்துத் தூங்குகிறது, குழந்தை வாலை மிதித்தாலும் எழுந்து வேறு மூலைக்குப் போகிறது, குரைப்பதுகூட அபூர்வம். இவ்வளவு சாதுவான பிராணிக்குக் கயிறு எதற்கு என்று, பதினைந்து நாள் கழித்து ஒரு விடியற்காலையில், கிரிவலப் பாதையில் ஆளரவமற்ற ஓரிடத்தில், அன்பு மிகுதியால் அதை அவிழ்த்துவிடுகிறார்கள். தூரத்தில் ஒரு மயில் சாலையைக் கடக்கிறது. அவ்வளவுதான். கூப்பிடுவதற்கு வாயைத் திறப்பதற்குள் அது வேலிக்கு அப்பால் போயிருக்கும். மோப்பத்தால் அல்லாமல் கண்ணால் கண்டு துரத்துவதற்கென்று வளர்க்கப்பட்ட இந்த வம்சத்துக்கு, ஓடும் பொருள் ஒன்று கண்ணில் பட்டபின் காது வேலை செய்வதில்லை. அது கீழ்ப்படியாமை அன்று, சுபாவம். பழக்கத்தால் இதை மாற்றிவிடலாமென்று சொல்பவரிடம் விவாதித்துப் பொழுதைக் கழிக்காதீர்கள். சுவரில்லாத வெளியில் இந்த நாயை ஒருநாளும், ஒரு நிமிஷமும் அவிழ்த்துவிடக் கூடாது என்பதை விதியாகக் கொள்ளுங்கள்.

கயிறு இருந்தால் மட்டும் போதாது. கழுத்துப்பட்டை சரியாக இருக்க வேண்டும். மற்ற நாய்களுக்குத் தலை பெரிது, கழுத்து சிறிது. இவற்றுக்கோ கழுத்தின் பருமனைவிடத் தலை ஒடுக்கம். பயந்த நாய் என்ன செய்கிறது என்று கவனித்திருக்கிறீர்களா? சட்டென்று நின்று, தலையைத் தரையை நோக்கித் தாழ்த்தி, பின்னங்கால்களால் இரண்டடி பின்வாங்குகிறது. சாதாரணத் தோல் பட்டை காதுகளின் மேல் வழுக்கி உங்கள் கையோடு வந்துவிடுகிறது. இதற்குப் பரிகாரமாக மார்ட்டிங்கேல் என்ற ஒருவகை அகலத் துணிப்பட்டை உண்டு. இழுத்தால் ஓரளவுக்கு இறுகும், மூச்சை முட்டாது, விட்டால் தளரும். கடையில் கிடைக்காவிட்டால், பள்ளிக்கூடப் பை தைப்பவரிடம் இரண்டங்குல நாடாவும் மூன்று வளையமும் கொடுத்து மாதிரி காட்டினால் தைத்துக் கொடுத்துவிடுவார். அதைக் கழுத்தின் நடுவில் கட்டாமல், காதுக்குப் பின்னால் தாடையை ஒட்டி மேலே கட்டுங்கள். முழுதும் இறுகிய நிலையில் இரண்டு விரல் நுழைந்தால் சரி, மூன்று நுழைந்தால் தளர்ச்சி. சங்கிலி வேண்டவே வேண்டாம். இவற்றின் தோல் காகிதம் போல மெல்லியது. சங்கிலி உரசிய இடம் இரண்டே நாளில் புண்ணாகும்.

கயிறு ஆறடிக்கு மேல் போகக் கூடாது. இழுக்க இழுக்க நீளும் கயிறுகளை விற்கிறார்கள். அவை இந்த நாய்க்கு ஆகா. நீளம் மிகுந்தால் நாய் வேகம் பிடிக்க இடம் கிடைக்கும், பிடித்த வேகத்தில் கயிறு தீர்ந்ததும் அதன் கழுத்துக்கோ உங்கள் தோளுக்கோ கேடு வரும். கயிற்று வளையத்தில் கையை நுழைத்து உள்ளங்கையால் பிடியுங்கள். விரல்களில் சுற்றிக்கொள்ளாதீர்கள், விரல் முறியும்.

நாய் பாயப்போவதை அதற்கு முந்தைய ஒரு நொடியில் கண்டுகொள்ளலாம். மடிந்து கிடந்த காதுகள் அடிப்பாகத்தில் நிமிரும், கழுத்து விறைக்கும், ஒரு முன்னங்கால் தரையிலிருந்து சற்றே தூக்கிய நிலையில் நிற்கும், வாய் மூடிக்கொள்ளும். அந்த நொடியில் பெயர் சொல்லிக் கூப்பிடுவதும் பின்னால் இழுப்பதும் பயனற்றவை. அதன் முகத்துக்கு நேரே குறுக்காக நடந்து பார்வையை மறைத்து, அதே நடையில் எதிர்த் திசைக்குத் திரும்பிவிடுங்கள். எதிரில் வருபவர் உங்களைப் பைத்தியக்காரர் என்று நினைக்கலாம், நினைத்துவிட்டுப் போகட்டும்.

இந்த ஊருக்கென்று இன்னோர் ஆபத்து இருக்கிறது. மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் வந்து உட்காரும் குரங்குகள் நாயைக் கண்டால் பல்லை இளித்துவிட்டுப் பக்கத்து மாடிக்குத் தாவும். பின்னாலேயே நாயும் தாவும். குரங்குக்குக் கிடைக்கும் பிடிமானம் நாய்க்குக் கிடைக்காது. ஆகவே மாடிக் கதவுக்குத் தாழ்ப்பாள், உயரத்தில், வீட்டிலுள்ள குழந்தைக்கும் எட்டாதபடி. சுற்றுச்சுவர் ஆறடி இருக்க வேண்டும். வாசல் கேட்டுக்குக் கீழே இடைவெளி இருந்தால் கல் வைத்து அடையுங்கள். பால்காரரும் கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவரும் கேட்டைத் திறந்து போட்டுவிட்டுப் போவது உலக வழக்கமாதலால், அவர்கள் வரும் நேரத்தில் நாய் உள்ளறையில் இருக்கட்டும்.

இத்தனைக்கும் பிறகு ஓடிவிட்டால்? துரத்தாதீர்கள், துரத்தினால் இன்னும் ஓடும். ஓட்டம் தீர்ந்ததும் பல நாய்கள் உங்களைப் பிரிந்த இடத்துக்கே திரும்பி வந்து பார்க்கும். ஒருவர் அங்கேயே உட்கார்ந்திருக்க, மற்றவர் ஆடு மேய்ப்பவர்களிடமும் டீக்கடைகளிலும் சொல்லி வையுங்கள். இரவாகிவிட்டால் நீங்கள் உடுத்திக் கழற்றிய துணி ஒன்றை அங்கே போட்டு வையுங்கள். பட்டையில் உங்கள் தொலைபேசி எண் இருப்பது பாதி வேலையை முடித்துவிடும். எவர்சில்வர் பாத்திரத்தில் பெயர் வெட்டிக் கொடுப்பவரிடம் ஒரு சிறு பித்தளைத் தகட்டை நீட்டினால், நிற்கும் நேரத்துக்குள் எண்ணை வெட்டித் தந்துவிடுவார். மழையிலும் அழியாது, இணையத்தில் தருவித்து ஒரு வாரம் காத்திருக்கவும் வேண்டாம். நாய் யாருடைய ஆட்டையாவது கொன்றுவிட்டால் பேரம் பேசாமல் விலையைக் கொடுத்துவிடுங்கள். மலைச்சரிவு காப்புக்காடாதலால், அங்கே புள்ளிமானைத் துரத்தினால் அது அண்டை வீட்டுச் சச்சரவோடு நில்லாமல் சட்ட விவகாரமாகிவிடும்.

மீதியெல்லாம் எளிது. வழவழப்பான தரையைக் கண்டிராத நாய் டைல்ஸில் கால் பரப்பி நடுங்கும்; கதவிலிருந்து படுக்கைவரை கயிற்றுப் பாயோ சாக்கோ விரித்துவிடுங்கள், ஒரு மாதத்தில் தேறிவிடும். படுக்கை தடிப்பாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் முழங்கை எலும்பில் காய்ப்பு விழும். மார்கழியில் இதற்குக் குளிரும். பழைய போர்வையை முதுகில் கட்டிவிடுவதைப் பார்த்து யாரும் சிரித்தால் சிரிக்கட்டும். சித்திரை, வைகாசியில் விடியற்காலை ஆறு மணிக்குள் நடையை முடித்துவிடுங்கள்.

தூங்கும் நாயைத் தொட்டு எழுப்பக் கூடாது என்பதைக் குழந்தைகளுக்கு முதல் நாளே சொல்லிக் கொடுங்கள். கொட்டகையில் தனியே உறங்கிப் பழகிய நாய், திடீரென்று கை பட்டால், யார் என்று பார்க்குமுன் கடித்துவிடும். கடித்த பிறகு அதுவே கூனிக் குறுகி நிற்கும். தூரத்தில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கண் திறந்தபின் கிட்டப் போவதுதான் முறை.

சோறும் தயிரும் வேகவைத்த முட்டையும் கோழியும் போதும். வெந்த எலும்பு கூடாது. கோயிலிலிருந்து கொண்டுவரும் சர்க்கரைப் பொங்கலையும் பஞ்சாமிர்தத்தையும் பக்தியின் காரணமாக நாய்க்கும் ஒரு கை ஊட்டுபவர்கள் இந்த ஊரில் அதிகம். அவற்றிலுள்ள உலர் திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். கடைசி இரண்டு மூன்று விலா எலும்புகள் தெரிவது இதற்கு ஆரோக்கியத்தின் அடையாளம். பட்டினி போடுகிறீர்களா என்று தெருவே கேட்கும். கேட்டது என்பதற்காகக் கொழுக்க வைத்தால் பழைய முறிவுள்ள கால்தான் அதைச் சுமக்க வேண்டும்.

பௌர்ணமியன்று கிரிவலத்துக்கு நாயை அழைத்துப் போகாதீர்கள். தீபாவளி முதல் கார்த்திகை தீபம் முடியும்வரை, வெடிச்சத்தம் தொடங்கும் மாலைப் பொழுதில், ஜன்னல் அடைத்த உள்ளறையில் மின்விசிறியை ஓடவிட்டு யாராவது ஒருவர் கூட இருங்கள்.

எடுத்த நாயைப் பட்டினிக்கும் தாகத்துக்கும் ஆளாகும்படி மீண்டும் தெருவில் விடுவது 1960-ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். ஆகையால் முடிவு செய்யுமுன் உங்கள் வாசலை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். சுற்றுச்சுவரும், பூட்டத்தக்க கேட்டும், தினம் இருவேளை கயிறு பிடித்து நடக்க ஓர் ஆளும் இல்லாத வீட்டார், எவ்வளவு கருணையுள்ளவரானாலும், வேட்டை நாயை எடுக்க வேண்டாம். நம் ஊர் விலங்குக் காப்பகத்தில் வீட்டுக்குக் காத்திருக்கும் நாட்டு நாய்களில் ஒன்றை எடுத்துக்கொள்ளட்டும்.