கருமாடிக்குட்டனும் முப்பத்திரண்டு இலக்கணங்களும்



கழக்கூட்டத்தில் ஞாயிறுதோறும் நம் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித் தருகிறேன். மணிமேகலைக் கதையை நடத்தி முடித்ததும், அம்பலப்புழைக்கு அருகிலுள்ள கருமாடிக்கு அவர்களை அழைத்துச் சென்றோம். அங்கே சுமார் 3 அடி உயரமுள்ள பழைய கருங்கல் புத்தர் சிலை இருக்கிறது. இடப்பக்கம் உடைந்துபோன அச்சிலையை ஊரார் ‘கருமாடிக்குட்டன்’ என்று செல்லமாக அழைக்கின்றனர். மலையாளத்தில் குட்டன் என்றால் சிறுவன். 1965இல் தலாய் லாமாவும் இங்கு வந்திருக்கிறார்.

சிலையைப் பார்த்த ஒரு பையன், “சார், புத்தர் தங்க நிறம்னு படிச்சோமே! இவர் இவளை மாதிரி கறுப்பா இருக்காரே!” என்று பக்கத்திலிருந்த சிறுமியைக் காட்டினான். மற்றவர்கள் சிரித்தார்கள். வீடு வந்து சேரும்வரை அவள் பேசவில்லை. அப்போதே நான் பதில் சொல்லாமல் விட்டது தவறு. அடுத்த ஞாயிறு நடத்திய பாடம் இது.

1. புத்தர் வாழ்ந்த காலத்துப் படமோ சிலையோ எதுவும் நமக்குக் கிடைக்கவில்லை. சாஞ்சியின் பழைய சிற்பங்களில் அவர் இருக்க வேண்டிய இடத்தில் போதிமரமும் சக்கரமும் பாதச்சுவடுமே உள்ளன. மணிமேகலை மணிபல்லவத்தில் தொழுததும் பாதபீடிகையைத்தான். மனித உருவச் சிலைகள் கி.பி. முதல் நூற்றாண்டை ஒட்டிக் காந்தாரத்திலும் மதுராவிலும் பெருகின.

2. அவர் தோற்றம் பற்றிய நம்பிக்கைகள் பாலி மொழியில் உள்ள தீக நிகாயத்தில் தொகுக்கப்பட்டுள்ளன. அவை மகாபுருடனின் 32 இலக்கணங்கள் எனப்படும். உள்ளங்காலில் சக்கரக்குறி, நின்றபடியே முழங்காலைத் தொடும் கைகள், 40 பற்கள், புருவங்களுக்கிடையே வெண்மயிர், பொன்னிற மேனி ஆகியவை அவற்றுட் சில. நாகப்பட்டினத்துச் செப்புத் திருமேனிகளில் தலையுச்சியில் தீச்சுடர் காணலாம். நீண்ட காது இந்த 32இல் சேராது.

3. ஒவ்வோர் இலக்கணத்துக்கும் முற்பிறவி நல்லொழுக்கம் ஒன்று காரணமாகச் சொல்லப்படுகிறது. சினம் கொள்ளாமல், மெல்லிய ஆடைகளைத் தானம் செய்ததன் பயன் பொன்னிறம். கோள் சொல்லாததன் பயன் இடைவெளியில்லாத 40 பற்கள். பிறரை ஓரக்கண்ணால் பார்க்காமல் அன்போடு நேரே நோக்கியதன் பயன் அழகிய கண்கள்.

இவ்வளவும் சொன்னபின் அந்தச் சிறுமி எழுந்தாள். “அப்படீன்னா, போன பிறவியிலே நான் கோபக்காரியா சார்?” என்று கேட்டாள். வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை.

4. அதற்கு விடை அதே பாலி நூல்களில் இருக்கிறது. மகத மன்னன் அசாதசத்துரு புத்தரைக் காண வந்தபோது, துறவிகள் நடுவே அவர் எவர் என்று தெரியாமல் மருத்துவர் சீவகரைக் கேட்டான். இராசகிருகத்துக் குயவர் ஒருவரின் கூடத்தில் புக்குசாதி என்ற துறவி புத்தரோடு ஓரிரவு தங்கினார். தம் குருவே அவர் என்பதை அவர் சொன்ன அறத்தைக் கேட்ட பிறகே உணர்ந்தார். உடம்பைப் பார்த்து ஒருவரை எடைபோட முடியாது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

“உன் நிறம் உன் அம்மாவும் அப்பாவும் தந்தது. அதைக்கொண்டு உன் குணத்தைச் சொல்ல எவராலும் முடியாது” என்றேன். கைகாட்டிய பையன் தானாகவே எழுந்து அவளிடம் மன்னிப்புக் கேட்டான்.

வீட்டுப் பயிற்சி: உங்களுக்குப் பிடித்த ஒருவரைப் பற்றி, அவர் தோற்றத்தைச் சொல்லாமல் ஐந்து வாக்கியம் எழுதுங்கள். அது யார் என்று அம்மாவோ அப்பாவோ கண்டுபிடிக்கட்டும்.